நோயாளி பார்க்கக் கூடாத கண்ணாடி

ஃபிலின்னா கோயில் ஊற்றறையின் கதவை உள்ளே தாழிட்டாள். அடுத்த நொடியே வெளியிலிருந்து தடதடவென்று தட்டல். காய்ச்சலில் கால்கள் துவண்டன. விடவில்லை. ஊற்றுப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, வெண்கலக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டினாள்.

"வெளிய வாடி! நோயாளி அதைப் பாக்கக் கூடாது!" கோயில் பூசாரிணி திமரேத்தாவின் குரல்.

கிரேக்கக் கடற்கரை ஊரான பாத்ராவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. நோயாளி பிழைப்பாரா என்று ஊற்றின் தெய்வமான டெமெட்டர் தாயிடம் கேட்க, சொந்தக்காரர் ஒருவர் வருவார். தண்ணீரை விளிம்பு தொடும்வரை கண்ணாடியை இறக்கி, சாம்பிராணி போட்டுப் பார்ப்பார். அதில் நோயாளி உயிரோடு தெரிந்தால் மருந்து. பிணமாகத் தெரிந்தால் பாடை.

நேற்று பார்த்தவன் கொழுந்தன் அகேமோன். "அண்ணி பிணமாத் தெரிஞ்சாங்க" என்றான். கஷாயம் நின்றது, கஞ்சியும் நின்றது. கணவன் கப்பலில் எங்கோ. இன்று ஒப்பாரிக்காரிகள் கூடத்தில் வந்து உட்கார்ந்ததும், ஃபிலின்னா பின்வாசல் வழியாக ஓடி வந்துவிட்டாள்.

"தண்ணியில தன் முகத்தையே பாத்து உருகிச் செத்தானே ஒரு பையன், அந்தக் கதை மறந்துபோச்சா?" வெளியிலிருந்து திமரேத்தா கத்தினாள்.

"மறக்கலம்மா! பாத்ததால அவன் சாகல. அது தன் முகம்னே தெரியாம, எவனோன்னு ஏங்கிச் செத்தான். எனக்கு என் மூஞ்சி தெரியும்!"

விளிம்பு தண்ணீரைத் தொட்டது. குனிந்தாள். கன்னமெல்லாம் கொப்புளம், வெடித்த உதடு. நாக்கை நீட்டினாள். அதுவும் நீட்டியது.

"கோரமாத்தான் இருக்கே. ஆனா உன்னை நான் விடமாட்டேண்டி."

கதவு உடைந்தது. அகேமோன் முதலில் பாய்ந்தான். "அண்ணி, கண்ணை மூடுங்க!"

"பாத்தாச்சு தம்பி. உயிரோடதான் இருக்கேன். நேத்து நீ பாத்தியே, இந்தக் கொப்புளமெல்லாம் இருந்துச்சா?"

"இல்ல... முகம் சுத்தமா..." சட்டென்று நிறுத்தினான்.

"மூணு வாரமா என் மூஞ்சியில சுத்தமான இடமே இல்லையேப்பா. அப்ப அது யாரு?" கயிற்றை நீட்டினாள். "வா. எல்லார் முன்னாடியும் இன்னொரு தடவை பாரு."

"மாட்டேன்!" சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்வாங்கினான்.

திமரேத்தா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தாய் சந்நிதியில நிக்கறே. சொல்லுடா, யார் முகம்?"

அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

"அந்தச் சாவை உங்க தலையில கட்டிட்டா தப்பிச்சிடலாம்னு நினைச்சேன் அண்ணி... பிணமாத் தெரிஞ்சது நான்தான்."