ராசியான கை

“நீ நலுங்கு வைக்க வேணாம் கஸ்தூரி. தப்பா நினைச்சுக்காத. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க.”

அண்ணி வாசுகி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதைச் சொன்னாள். கஸ்தூரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு சாஆ ஊருக்கு வந்ததே அண்ணன் மகள் லோஷினியின் கன்னத்தில் மஞ்சள் பூசத்தான்.

“செல்வா போயி மூணு வருஷமாச்சு அண்ணி.”

“அதனாலதானே சொல்றேன்.”

வாசுகியின் அக்கா கிருஷ்ணம்மா காது கேட்காதவள்போல அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனும் இறந்து இருபது வருடம். வாசுகி தொழிற்சாலை வேலைக்குப் போன காலத்தில் லோஷினியை ஆறு வயதுவரை வளர்த்தவள் அவள்தான். அவளிடம் யாரும் கதவைச் சாத்திவிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. விசேஷம் என்றால் அவளே நேராகப் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

கூடத்தில் மூவாரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலை சரசரக்க உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி டாக்டர் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு நோவோடு நகர்ந்து வந்தார்கள்.

“முட்டி வலிக்கு என்னா சாப்பிடலாம் டாக்டர்?”

“நான் முட்டி டாக்டர் இல்ல ஆண்ட்டி. இதயம்.”

“அப்ப பிரஷர் மாத்திரையாவது எழுதிக் குடுங்க லா.”

“மாத்திரை குடுக்கிற இதய டாக்டர் வேற. நான் வெட்டுறவ. அதுலயும் பெரியவங்களுக்கு பைபாஸ் பண்றவங்க வேற, நான் குழந்தைங்களுக்கு மட்டும்.”

மாப்பிள்ளையின் அம்மா சந்திரமதி முகவாயில் கை வைத்தாள். “இதுக்கு எத்தனை வருஷம் படிச்சீங்க?”

கஸ்தூரி விரல்விட்டு எண்ணினாள். “டாக்டர் படிப்பு அஞ்சு. ஹவுஸ்மேன் பயிற்சி ரெண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில மூணு. பொதுவான ஆபரேஷன் கத்துக்க நாலு. இதயத்துக்கு மூணு. குழந்தை இதயத்துக்குன்னு தனியா ஒண்ணு. பதினெட்டு.”

“அலமாக்! நடுவுல ஃபெயிலா?”

கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தாள். சந்திரமதி சிரிக்கவில்லை. அவளை ஜன்னலோரம் அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

“என் மக வயித்துப் பேரன், ஏழு மாசம். நெஞ்சுல ஓட்டை. அடுத்த வாரம் ஆபரேஷன். ஆஸ்பத்திரி கடுதாசியில உங்க பேருதான் இருக்கு டாக்டர். உங்களுக்கு ரொம்பக் கைராசின்னு எல்லாரும் சொல்றாங்க.” சொல்லிக்கொண்டே கஸ்தூரியின் வலது கையைப் பிடித்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

கஸ்தூரி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “பயப்படாதீங்க ஆண்ட்டி. நல்லபடியா பண்ணலாம்” என்றாள்.

லோஷினியைப் பாயில் உட்கார வைத்தார்கள். சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “சுமங்கலிங்க மட்டும் வரிசையா வாங்க!”

கஸ்தூரியும் போய் வரிசையில் நின்றாள். வாசுகியின் முகம் வெளுத்தது.

“என் புருஷன் தவறிட்டாரு ஆண்ட்டி. ஆனா நீங்க கண்ணுல ஒத்திக்கிட்ட அதே கைதான்” என்றாள் கஸ்தூரி. “வைக்கலாமா? வேணாம்னு சொன்னாலும் உங்க பேரனுக்கு ஒரு குறையும் வராது. பயப்படாம சொல்லுங்க.”

சந்திரமதி அவசரமாக மஞ்சள் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். “அய்யோ, டாக்டருங்களுக்கு ஏது அதெல்லாம்! நீங்க வைங்க, வைங்க.”

வாசுகிக்கு மூச்சு வந்தது. கஸ்தூரிக்குத்தான் கை எழவில்லை. பதினெட்டு வருடம் படித்தால் இந்த ஒரு நாளைக்கு விதவை இல்லை என்று விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது. படிக்காதவள்?

அவள் திரும்பிச் சமையலறைக்குள் போனாள். கிருஷ்ணம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, சோப்பு நுரையோடு கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

“என்னை எதுக்கும்மா? விடு. பாத்திரம் கிடக்கு.”

“கிடக்கட்டும்க்கா.”

“இவங்க...” சந்திரமதி தடுமாறினாள். “இவங்க டாக்டர் இல்லியே?”

“இல்ல. இவங்க ஸ்பெஷாலிட்டி லோஷினி மட்டுந்தான். ஆறு வருஷம் டிரெயினிங்.”

யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மூவார்ப் பெண்கள் இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். வாசுகி அவர்கள் பின்னால் ஓடப் பார்த்தாள். லோஷினி பாயிலிருந்தபடியே அம்மாவின் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

“பெரியம்மா முதல்ல வைக்கட்டும்மா. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

சந்திரமதி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிண்ணத்தின் முன் குனிந்தாள். இருபது வருடமாக எல்லார் வீட்டு மஞ்சளையும் அரைத்து மட்டுமே கொடுத்த கை. பூசுவதற்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று தெரியாமல், அது ஒரு பிடி அள்ளியது.