கீழே பார்க்கவும்

அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு வெளியே வந்த மகள், பக்கத்து அறையில் போய் லேப்டாப்பைத் திறந்தாள். தகப்பன் கூடத்தில் கிடக்க இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாளே என்று அத்தை விட்ட பெருமூச்சில் ஜன்னல் திரை பறக்காமல் இருந்ததே ஆச்சரியம்.

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஒரு வக்கீல் அலுவலகத்துக்கு வருகிற மெயில், போகிற மெயில் எல்லாம் அவள் கையில்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை அவள் ஓடவிடுகிற வேகத்தில், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரிதான் கேட்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்குத் தகவல் தெரியவில்லையாம். அண்ணன் விடிந்ததும் போன் செய்துதான் அப்பா போய்விட்டார் என்று சொன்னான். வாசலில் அவள் வந்து இறங்கியதும், ஊரே கேட்கும்படி, "போன வாரமே மெயில்ல போட்டேனே. நீதான் வரலை" என்றான். அப்பா கூப்பிட்டும் வராத மகள். காலையிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

அண்ணன் பெரிய அதிகாரி. எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். மனைவியிடம் காப்பி கேட்பதைக்கூட மெயிலில் கேட்டு, நகலைத் தனக்கே அனுப்பிக்கொள்ளக் கூடிய ஆள். போனில் பேசினால் சண்டை வருகிறது என்று தங்கையும் மெயிலுக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். எப்போதோ 'தண்ணீர் மோட்டார் ரிப்பேர்' என்ற தலைப்பில் ஒரு மெயில் எழுதினான். அதற்கு அவள் பதில் போட்டாள், பதிலுக்குப் பதில் வந்தது. மோட்டார் சரியாகி, மறுபடி கெட்டு, கடைசியில் இரும்புக் கடைக்கே போய்விட்டது. மெயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வரி, யார் யார் கல்யாணம், அப்பாவின் ரத்த அழுத்தம் எல்லாம் மோட்டாருக்கு அடியில்தான்.

ஒவ்வொரு பதிலும் தன் வாலில் பழைய பதில்கள் அத்தனையையும் இழுத்துக்கொண்டு வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் அண்ணனின் பதவி, அலுவலக முகவரி, காகிதத்தில் அச்சிடாதீர்கள், மரங்களைக் காப்போம் என்ற வேண்டுகோள். முழுக்கக் கேட்டு முடிப்பதற்குள் அந்த மரம் காய்த்துப் பழுத்துவிடும். அதனால் மேலே புதிதாக வந்ததைக் கேட்பாள். பழையது தொடங்கியதும் ஒரு பொத்தானைத் தட்டி அடுத்த மெயிலுக்குத் தாவிவிடுவாள்.

போன வாரம் அவள் அப்பாவைப் பற்றித்தான் கேட்டு எழுதியிருந்தாள். வந்த பதிலின் மேலே இருந்தது இரண்டே வார்த்தை: 'கீழே பார்க்கவும்.' கீழே போனாள். அவள் எழுதிய வரியையே குரல் அவளுக்கு வாசித்தது. வழக்கம்போல அரைகுறையாக அனுப்பிவிட்டான், மறுபடி எழுதுவான் என்று தாவிவிட்டாள்.

இப்போது தாவவில்லை. குரலின் வேகத்தைக் குறைத்து வரி வரியாக இறங்கினாள்.

'நான் வர வேண்டுமா?' அது அவள் கேட்டது.

'உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உடனே வா.' அது அவள் எழுதியதல்ல.

இரண்டையும் குரல் ஒரே தொனியில்தான் சொன்னது.

"அண்ணா, இங்க வா."

வந்தான். குனிந்து பார்த்தான். அவன் மூச்சில் ஒரு நிம்மதி கேட்டது.

"இதோ இருக்கே. நான் பொய்யா சொன்னேன்? ஒவ்வொரு கேள்விக்கும் அடியிலேயே, தனியாத் தெரியட்டும்னு சிவப்புல போட்டிருக்கேன் பாரு."

கூடத்தில் அத்தை மூக்கை உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தினாள்.

"யாருக்குச் சிவப்புல போட்ட?" என்றாள் தங்கை.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் இப்படித்தான்..."

கல்யாணமான நாளிலிருந்து அவன் முன்னால் வாயையே திறக்காத அண்ணி, கதவோரத்திலிருந்து சொன்னாள். "ஒரு போன் பண்ணுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். எழுதியாச்சு, எழுதியாச்சுன்னாரு."

லேப்டாப்பைத் தூக்கி அவன்மேல் வீச வேண்டும் போலிருந்தது தங்கைக்கு. குறி தப்பியிருக்காது. குரல் வரும் இடத்தை அவளைப்போலக் கணக்காக அறிந்தவர்கள் உலகத்திலேயே கிடையாது. வீசவில்லை. அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மிச்சத்தை நீயே படி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"இப்ப எதுக்கும்மா..."

"படி."

அவன் படித்தான். டாக்டர் நாளைக் கடத்த வேண்டாம் என்கிறார். அடுத்து அவள் கேள்வி, அப்பா சாப்பிடுகிறாரா. அதன் கீழே சிவப்பில், "இல்லை. நீ வந்து ஊட்டினால் சாப்பிடுவாராம்." அதோடு நிறுத்தினான்.

"அடுத்தது?"

"அவ்வளவுதான்."

"அதுக்குக் கீழ?"

"என் பேரு. பதவி, அட்ரஸ்..."

"அதையும் படி. நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன். நீ ஒரு தடவை கேளு."

படித்தான். பேரைப் படித்தான். பதவியைப் படித்தான். மாடி எண், அறை எண் எல்லாம் படித்தான். மரங்களைக் காப்போம் என்பதையும் படித்தான். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்பாவைக் கொண்டுபோக வாசலில் வண்டி வந்து நின்றது. அவளைக் கூடத்துக்கு அழைத்துப் போக அண்ணன் நீட்டிய கை தோளில் பட்டது. அவள் தோளைச் சாய்த்து நழுவி, சுவரைத் தடவிக்கொண்டே கட்டிலுக்குப் போனாள்.

அப்பாவின் மார்பில் கை வைத்தாள். சட்டையை அவசரத்தில் யாரோ மாட்டியிருக்கிறார்கள். பொத்தான்கள் எல்லாம் ஒரு துளை தள்ளிப் போடப்பட்டு, கழுத்துப் பக்கம் கோணலாக ஏறியிருந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை நீவி நேராக்கி, மறுபடி போடத் தொடங்கினாள்.

வண்டிக்காரர்கள் நிலைப்படியில் நின்றார்கள். அடிப் பொத்தான் துளைக்குள் நுழையாமல் வழுக்கியது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி அதைப் பிடித்தாள்.