முன்சீட்

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்குப் பட்டப்பெயர் பிரேக்கக்கா. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும், வேறு வழியே இல்லையென்றால் மிதிப்பதற்கு. அவளோ ஆபத்து அடுத்த தெருவில் இருக்கும்போதே மிதித்துவிடுவாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு புகார் சொன்னார்கள். வண்டி ஓட்டுவது நானா, அந்த அக்காவின் காலா என்று ஒரு பெண் கேட்டுவிட்டுப் போனாள். முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு நிறுத்துவதற்குப் பதிலாக ஒரு மனநல ஆலோசகரின் முகவரியைக் கொடுத்தார்.

ஆலோசகர் அவளைவிட வயதில் சிறிய பெண். நடந்ததைப் பற்றி இங்கே பேசுவது மட்டும் போதாது, அது உள்ளே கிளப்புகிற உணர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் அவள் வாரக்கணக்கில் தன் சிறுவயதைச் சாலை விதிகளைப் போல ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அம்மாமேல் கோபம் வந்தால் கத்தமாட்டார். காரில் போகும்போது ஆக்சிலேட்டரை மிதிப்பார். வேகமுள் ஏறிக்கொண்டே போகும். எல்லாரும் சேர்ந்தே போய்விடலாம் என்பார், குடிக்கத் தண்ணீர் கேட்கிற குரலில். பின்சீட்டில் அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். ஒருமுறைகூட கார் எதிலும் மோதியதில்லை. யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. இதைப் போய்க் கஷ்டம் என்று சொல்லி ஒருவருடைய நேரத்தை வீணடிக்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருக்கும்.

அன்று கிளம்புகிற நேரத்தில், பேச்சோடு பேச்சாக, அம்மா போன் செய்ததைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாதான் ஓட்டுவார். ஏதோ வாக்குவாதத்தில் அவர் அம்மாவோடு பேச்சையே நிறுத்தியிருக்கிறார். வழியெல்லாம் அகலமான நெடுஞ்சாலை. நீயும் வந்து முன்னால் உட்கார்ந்துகொள் என்றாள் அம்மா. இவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

“உங்க கால் என்ன பண்ணுது?” என்றார் ஆலோசகர்.

குனிந்து பார்த்தாள். வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. விரிப்பு சுருண்டு மேடாகியிருந்தது. சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“எடுக்க வேணாம். இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. அதுக்குப் பேச வாய் இருந்தா என்ன சொல்லும்?”

அவள் சிரித்தாள். வாயே ஒழுங்காகப் பேசுவதில்லை, இதில் கால் வேறா என்றாள். ஆலோசகர் சிரிக்கவில்லை, காத்திருந்தார். அழுத்த அழுத்தத் தொடை நடுங்கியது, பிறகு வயிறு, பிறகு தாடை. கண்ணெதிரே முள் ஏறியது.

“எனக்கு இங்க உக்கார வேணாம்.” குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “நான் பின்னால போறேன்.”

“யார்கிட்ட சொல்றீங்க?”

எதிரே காலியாக இருந்த நாற்காலியை ஆலோசகர் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் அப்பா இருப்பதாக நினைத்து எத்தனையோ முறை பேசியாகிவிட்டது. அத்தனையும் சப்பென்ற வார்த்தைகள். இப்போது பார்த்தால் அங்கே அப்பா இல்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

‘அப்பாவுக்கு உன்மேலதான் உசிரு. நீ பக்கத்துல இருந்தா மெதுவாப் போவாரு.’ முன்கதவைத் திறந்து, பாவாடையை ஒதுக்கிவிட்டு, கதவைச் சாத்தியது அம்மாவின் கைதான். கால் தரைக்கு எட்டாத வயது. அந்தக் காரில் பிரேக் என்று இருந்தது அவள்தான்.

அவள் அழுதாள். அழகாக அழவில்லை, மூக்கு ஒழுக, மூச்சு திணற அழுதாள். “எனக்கும் பயமா இருந்துச்சும்மா. நீ கண்ண மூடிக்கிட்ட. நான் மூட முடியாது, நான் அவரப் பாத்துச் சிரிக்கணும்.” அம்மாவிடம் உண்மையிலேயே இதைச் சொல்வேன் என்று அவள் ஆலோசகருக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

ஞாயிறு காலை வாசலில் ஹாரன் அடித்தது. இறங்கிப் போனாள். அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். முன்சீட் துடைத்துவைத்ததுபோலக் காலியாக இருந்தது. அப்பா இவள் பக்கம் திரும்பாமல், “ஏறு பாப்பா” என்றார். ஸ்டியரிங்கின்மேல் அவர் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. அந்தத் தட்டல் அவளுக்கு மனப்பாடம்.

சாவியைக் கொடுங்கள், நான் ஓட்டுகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை. கை தானாக முன்கதவின் கைப்பிடிக்குப் போயிருந்தது. உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது. உட்காராமல், வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

கையை எடுத்துக்கொண்டு பின்சீட் ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

“அம்மா, நான் வரல.”

“வம்பு பண்ணாத. அவரு ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்காரு.”

“தெரியும். அதனாலதான் கூப்பிட்ட. சின்ன வயசுலயும் அதனாலதான் அங்க உக்கார வச்ச. எனக்குப் பயமா இருந்துச்சும்மா. இப்பவும் பயமா இருக்கு.”

எஞ்சின் உறுமியது. நின்ற இடத்திலேயே அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தார். அம்மாவின் கண்கள் மூடிக்கொண்டன. இவள் நகரவில்லை. மறுபடியும் உறுமியது.

பின்கதவு திறந்தது. முழங்கால் வலியோடு, கதவைப் பிடித்துக்கொண்டு, அம்மா ஒவ்வொரு காலாக இறக்கினாள்.

“நீ இல்லாம இதுல நான் எப்படிடி போவேன்?” என்றாள். முகம் வெளுத்திருந்தது.

அப்பா பின்சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அம்மாவும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, டயர் கிறீச்சிடும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

சத்தம் வரவில்லை. கார் மெதுவாக நகர்ந்தது. தெருமுனையில் இண்டிகேட்டர் மின்னியது. ஒரு சைக்கிள்காரர் கடக்கும்வரை பொறுமையாக நின்றது. பிறகு, லைசென்ஸ் வாங்க வந்தவர் தேர்வு அதிகாரிக்கு ஓட்டிக்காட்டுவதுபோல வளைந்து, ஓரமாகவே போய் மறைந்தது.

அம்மா அந்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மெதுவாப் போகத் தெரிஞ்சிருக்கு,” என்றாள் கடைசியில்.

இவள் பாதத்திலிருந்து சூடாக ஒன்று ஏறி வந்து நெஞ்சில் நின்றது. பயமென்றால் அவளுக்குத் தெரியும், இது பயமில்லை.

“இத்தனை வருஷமாத் தெரிஞ்சிருக்கு,” என்றாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, குரலை அடக்காமல், இன்னொரு முறையும் சொன்னாள்.