சிறுகுறிஞ்சான் பொடி

ராமர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டிக் குடிவந்த வருஷமே சர்க்கரையும் வந்து சேர்ந்தது. கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி மாத்திரையை விட்டுவிட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார். அவருடைய அக்கா மகள் இளவேனில் அதே இலையைத்தான் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"இதுக்கப்புறம் சுகர் ஏறவே இல்லம்மா. நீயும் பாரேன்" என்று அவளிடம் ஒரு டப்பா கொடுத்தார்.

இளவேனில் தயாரித்த இலைச்சாறு, சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளிடம் பெரிதாக எதையும் செய்யவில்லை. சலித்துப்போய், மாமாவின் பொடியைக் கரைத்து ஒரு கூண்டு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாள். அந்த வாரமே அவற்றின் ரத்தத்தில் சர்க்கரை பாதியாக இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் மாமாவுக்குத்தான் முதலில் போன் செய்தாள்.

"மாமா, உங்க பொடி வேலை செய்யுது!"

"நான்தான் சொன்னேன்ல? அப்ப ரெண்டு வேளைக்கு மூணு வேளையா சாப்பிடலாமா?"

"சாப்பிடுங்க மாமா. இலைதானே, என்ன பண்ணிடப் போவுது."

அவளுடைய வழிகாட்டி விஜயராணி மேடத்தின் முகம் மலரவில்லை. "இலை ஒண்ணுதான். உன் சாறு ஒண்ணும் பண்ணல, கடைப்பொடி மட்டும் இந்தப் பாடு படுத்துதா? அதுல வேற என்ன இருக்குன்னு பாரு."

இளவேனில் மனசில்லாமல்தான் பொடியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்தது வைகுண்ட ஏகாதசியன்று. பொடியில் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை அரைத்துக் கலந்திருந்தார்கள். பழைய, மலிவான மாத்திரை. வெறும் வயிற்றில் அதிகமாகப் போனால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கி ஆளையே சாய்த்துவிடும்.

உடனே மாமாவுக்குப் போன் செய்தாள். எடுத்தது அவர் மனைவி பானுமதி அத்தை.

"மாமா எங்க அத்தை?"

"சொர்க்கவாசல் பாத்துட்டு வந்து படுத்திருக்காரு. நேத்துலேருந்து விரதம். பொடியை மட்டும் கரைச்சுக் குடிச்சாரு."

"எழுப்புங்க."

"அசந்து தூங்குறாருடி, பாவம்."

"அத்தை, எழுப்புங்க!"

அத்தை முணுமுணுத்தபடி உள்ளே போவது கேட்டது. பிறகு அவள் அவரைக் கூப்பிட்டாள். முதலில் மெதுவாக, அப்புறம் உரக்க, அப்புறம் அலறலாக.

ஊரே கோயிலைச் சுற்றி நின்ற நாள் அது. ஆம்புலன்ஸ் தெருவுக்குள் நுழையவே வெகுநேரமாயிற்று. ராமர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சர்க்கரையில்லாமல் கிடந்த மூளை பழையபடி ஆகவில்லை. கண் திறந்திருக்கும், எதிரில் நிற்பது யாரென்று தெரியாது.

இளவேனில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்தாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "பிரிச்ச டப்பாவை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. நீங்களே கலந்தீங்கன்னு கடைக்காரங்க சொல்லிடுவாங்க." அதிகாரிகள் கடைக்குப் போய் எடுத்துவந்த புதுப் பொடியில் மாத்திரையின் சுவடே இல்லை. கடைக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். வியாபாரம் எப்போதும்போல நடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்ரீரங்கம் போனாள். அத்தை மாமாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னேன்னுதான் மூணு வேளை குடிச்சாரு."

"ஆமா அத்தை."

"அந்த எலியெல்லாம் என்னாச்சு?"

"சோதனை முடிஞ்சதும் கொன்னுட்டோம்."

"அதுங்களுக்காவது முடிஞ்சுபோச்சு."

அத்தை ஈரத்துணியால் மாமாவின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"இனிமே வராத இளா. உன்னப் பாத்தா வாயில ஏதாவது வந்துடும். அப்புறம் உங்கம்மா மூஞ்சில நான் முழிக்க முடியாது."

இளவேனில் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். மாமா அவளைப் பார்த்துச் சிரித்தார். கேபிள்காரரைப் பார்த்தாலும் அவர் அப்படித்தான் சிரிக்கிறார்.