விலைக்கு நல்ல துப்பாக்கி

பக்கத்து ஊர்ச் சபையில் ஒரு குடிகாரன் ஆராதனை நடுவே உள்ளே வந்து, கடைசி பெஞ்சில் படுத்துத் தூங்கிவிட்டுப் போனான். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தி மஸ்கோகி நகரம் வழியாகச் சுற்றி வெர்லின் ஸ்டாடர்டின் சபைக்கு வந்து சேர்வதற்குள் அந்த ஆள் தூங்கவில்லை, கையில் கத்தி வைத்திருந்தான், இரண்டு பேர் மேலே விழுந்துதான் பிடித்தார்கள் என்று வளர்ந்திருந்தது.

சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற ராய்ஸ் பிக்கார்டுக்கு இது போதும். புதன்கிழமை சபைச் சாப்பாடு முடிந்ததும் எழுந்து நின்றார்.

"பிரதர்மாரே, இனிமே நமக்கு ஒரு காவல் குழு வேணும். வாசல்ல நிக்கறவங்க வெறுங்கையோட நிக்கக் கூடாது. முடியாதவங்க சொல்லிருங்க, வேற ஆளப் போட்டுக்கலாம்."

வாசலில் பல வருஷமாக நிற்பவர் வெர்லின். ஊரில் கம்பளக் கடை வைத்திருந்தார். வாரம் முழுவதும் வீடுகளின் தரையை அளந்துகொண்டிருப்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்களின் கையைக் குலுக்கி, ஆராதனைத் தாளும் ஒரு புதினா மிட்டாயும் கொடுத்து உள்ளே அனுப்பும் அந்த ஒரு மணி நேரம்தான் சந்தோஷம். அதை இன்னொருவனிடம் கொடுக்க மனம் வரவில்லை.

சிக்கல் என்னவென்றால் அவரிடம் கைத்துப்பாக்கி இருந்ததே இல்லை. அப்பா விட்டுப்போன வாத்து வேட்டைத் துப்பாக்கி ஒன்று அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. அவ்வளவுதான். ஓக்லஹோமாவில் ஐம்பத்தெட்டு வயது ஆள் இதை வெளியில் சொல்வது, கார் ஓட்டத் தெரியாது என்று சொல்வது மாதிரி. அவர் சொல்லிக்கொண்டதில்லை. ராய்ஸ் தன்னைப் பார்த்தபோது, என்னிடம் மூன்று இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டிவைத்தார்.

வீட்டில் அவர் மனைவி ட்வைலா கேட்டாள். "எதுக்கு? மிட்டாய் கேக்காம எடுக்கறவனச் சுடவா?"

"ராய்ஸ் சொல்றான்."

"ராய்ஸ் சொன்னா நீ குட்டிக்கரணம் போடுவியா? சரி, வாங்கணும்னா வாங்கு. பெருசா வேணாம், சட்டைக்குள்ள அடங்கணும். உன் சாய்வு நாற்காலிக்குக் குடுத்ததவிட ஒரு டாலர் கூடப் போகக் கூடாது."

சனிக்கிழமை டப் மேசியின் துப்பாக்கிக் கடைக்குப் போனார். டப்பும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். டப்பின் கடையில் கிடந்த கம்பளமும் வெர்லின் விற்றதுதான், அது மூலையில் பிய்ந்து நின்றதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

டப் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்தான். இடது பக்கம் பளபளப்பான விலை உயர்ந்தது, நடுவில் நடுத்தரம், வலது ஓரத்தில் அடக்கமாக ஒன்று. வெர்லின் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். கம்பளத்தை அவர் காட்டுவதும் இப்படித்தான். முதலில் உயர்ந்ததைக் காட்டி மிரட்டினால், ஆள் தானாக நடுவுக்கு வருவான், நடுவில்தான் லாபம்.

"நடுவுல இருக்கறதப் பாருப்பா," என்றான் டப். "உனக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கு."

"அந்த ஓரத்துல இருக்கறத எடு."

"அதுவா?" டப் தயங்குவதுபோல் தயங்கினான். "நல்லதுதான். துருக்கில செஞ்சது. பத்துத் தோட்டா புடிக்கும். வெலைக்கு நல்ல துப்பாக்கி."

வெர்லின் அதைக் கையில் வாங்கினார். துப்பாக்கியில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஆகவே கம்பளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். திருப்பிப்போட்டு அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஓரங்களைக் கட்டைவிரலால் நீவினார். பிசிறு இல்லை. பிடியை அழுத்திப் பார்த்தார். சின்னதாக இருந்தது. அவர் கை பெரிது. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லாமல் வெளியே தொங்கியது.

"இது இப்படித்தான் தொங்குமா?"

"சின்ன சைஸ்னா அப்படித்தான். தேநீர்க் கோப்பை புடிக்கற சீமாட்டி மாதிரி இருக்கும், போகப் போகப் பழகிரும்."

கடைக்காரன் தள்ளிவிட நினைத்ததை வாங்காமல் கெட்டிக்காரத்தனமாக வாங்கிவிட்டோம் என்ற திருப்தியோடு வெர்லின் பணத்தைக் கட்டினார். கடைக்காரன் ஆறு மாதமாகத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஓரத்தில் இருந்ததைத்தான். துப்பாக்கி வாங்குகிற இவர் நல்லவர்தானா என்று, சட்டப்படி, டப் அரசாங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். நல்லவர்தான் என்று பதில் வந்தது.

கடைக்குப் பின்னால் இருந்த சுடுதளத்தில் வெர்லின் சுட்டார். துப்பாக்கி கையில் மீன்போலத் துள்ளியது. அட்டையில் இருந்த மனித உருவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அதை மாட்டியிருந்த கம்பி அறுந்தது. கூட வந்திருந்த ட்வைலா, சும்மா பார்க்கிறேன் என்று வாங்கிச் சுட்டாள். அவள் விரல்கள் எல்லாம் பிடியில் அழகாக அடங்கின. ஒரு பிடி பாதாம் கொட்டியதுபோல் ஓட்டைகள் நெஞ்சு நடுவில் விழுந்தன.

"ட்ரிக்கர் கொஞ்சம் கனமா இருக்கு," என்றாள். "மத்தபடி பரவால்ல."

அடுத்த புதன்கிழமை சபை வண்டி நிறுத்துமிடத்தில் ராய்ஸ் அதை வாங்கிப் பார்த்தார். அவருடையது இதைப்போல் மூன்று மடங்கு விலை.

"துருக்கி சாமானா? வெர்லின், உன் உயிருக்கு என்ன வெலை போடுவ, சொல்லு."

"சாய்வு நாற்காலி வெலைதான் போடலாம்னு ட்வைலா சொல்லிட்டா."

ராய்ஸ் சிரிக்கவில்லை. அவர் காவல் குழு விஷயத்தில் சிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெர்லின் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வந்தார். கால்சட்டைக்குள் செருகும் உறையில் துப்பாக்கி வலது இடுப்பில் இருந்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்பது ராய்ஸின் கட்டளை. ஆனால் அது கட்டிப்பிடித்து வணக்கம் சொல்லும் சபை. முதலில் கட்டிப்பிடித்த சிஸ்டர் ஒருத்தி "ஐயோ பிரதர், சிறுநீரகக் கல்லா?" என்று கேட்டாள். இரண்டாவது ஆள் கண்ணடித்தார். மூன்றாம் வாரத்துக்குள் எல்லோரும் அவரை இடப்பக்கமாகக் கட்டிப்பிடிக்கப் பழகியிருந்தார்கள்.

ஆகஸ்ட் மாதத்தில்தான் அந்த அந்நியன் வந்தான். முப்பது வயதிருக்கும். தோள்வரை முடி, முதுகில் பெரிய பை, அந்த வெயிலில் முழங்கால்வரை தொங்கும் கனத்த கோட்டு. வெர்லின் தாளும் மிட்டாயும் கொடுத்தார். அவன் நன்றி சொல்லிக் கடைசி வரிசையில், நடைபாதை ஓரமாக உட்கார்ந்தான். முன்வரிசையில் இருந்த ராய்ஸ் திரும்பிப் பார்த்துக் காதைச் சொறிந்தார். அது சமிக்ஞை. வெர்லின் அந்த ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அன்றைக்குப் பிரசங்கம் நீண்டது. வெர்லின் காலையில் குடித்த மூன்று கோப்பைக் காபியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தன. கால் மாற்றி நின்றார். பல்லைக் கடித்தார். அந்நியன் அசையாமல் வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். இனி முடியாது என்ற நிலையில் வெர்லின் நழுவிக் கழிப்பறைக்கு ஓடினார்.

உள்ளே உட்கார வேண்டியதாகிவிட்டது. பெல்ட்டைக் கழற்றினால் உறையோடு துப்பாக்கி சாய்ந்து தரையில் விழப்பார்த்தது. துப்பாக்கியை மட்டும் உருவிக் காகித உருளைப் பெட்டியின் மேல் வைத்தார். பின்பு அவசரமாக எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, கையைக் கழுவித் திரும்பி வந்தார். கடைசி வரிசை காலியாக இருந்தது. பை மட்டும் கிடந்தது.

வெர்லின் சுற்றிலும் பார்த்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. உறை இருந்தது. உள்ளே எதுவும் இல்லை.

அவர் நகர்வதற்குள் கழிப்பறைக் கதவு திறந்து அந்நியன் வந்தான்; இவர் உள்ளே இருந்தபோதே அடுத்த தடுப்புக்குள் போயிருக்கிறான். அவன் கையில் துப்பாக்கி. கை துடைக்கும் காகிதத்தில் சுற்றி, செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் பிடித்துத் தரையை நோக்கித் தொங்கவிட்டிருந்தான். நேராக வெர்லினிடம் வந்தான்.

"பிரதர், இத உள்ள விட்டுட்டீங்க போல," என்று கிசுகிசுத்தான். "யாராவது சின்னப் புள்ளைங்க வந்துரும்னு எடுத்துட்டு வந்தேன். எனக்கு இதெல்லாம் புடிக்கத் தெரியாது."

வெர்லின் வாங்கிக்கொண்டார். "ரொம்ப நன்றி" என்று உதடு மட்டும் அசைந்தது.

அவன் அதை நீட்டியபோதே ராய்ஸ் திரும்பியிருந்தார். அவர் கண்ணில் பட்டது இதுதான். கோட்டுப் போட்ட அந்நியன், அவன் கையில் துப்பாக்கி, எதிரில் வெறுங்கையோடு வெர்லின். அந்நியன் தலைகுனிந்து துப்பாக்கியை ஒப்படைக்கிறான்.

ராய்ஸ் அந்த வயதில் அப்படிப் பாய்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்நியன் சுவரோடு ஒட்டினான், இரண்டு மூப்பர்கள் அவன் கைகளைப் பிடித்தார்கள். பிரசங்கம் நின்றது. பாஸ்டர் ஒலிவாங்கியைப் பிடித்தபடி, "என்ன பிரதர்?" என்றார்.

"துப்பாக்கியோட வந்திருக்கான் பாஸ்டர். நம்ம வெர்லின் ஒரு வார்த்த பேசாம, கண்ணாலயே பாத்து வாங்கிட்டான். நானே பாத்தேன்."

சபை எழுந்து கைதட்டியது. வாழ்க்கையில் முதல் முறையாக வெர்லினுக்காக ஒரு கூட்டம் கைதட்டியது. அது எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை அவர் பிற்பாடு ட்வைலாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. இரண்டு மூச்சு நேரம் பேசாமல் நின்றார். அந்நியன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், கோபமாக அல்ல, இவர் எப்போது வாயைத் திறப்பார் என்பதுபோல்.

ராய்ஸ் துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பாருங்க, இந்த மாதிரி ஆளுங்க வாங்கறதே இந்த மட்டமான சாமானத்தான்."

"அது என்னோடது," என்றார் வெர்லின்.

"என்னது?"

"என்னோடது ராய்ஸ். பாத்ரூம்ல மறந்து வெச்சுட்டேன். அந்தத் தம்பி கொண்டாந்து குடுத்தாரு."

பாஸ்டரின் கண் கலங்கியது. "பாத்தீங்களா சபையாரே," என்றார் ஒலிவாங்கியில். "தன்னைக் கொல்ல வந்தவனோட பாவத்த தன் மேல ஏத்துக்கறாரு. நான் ஒரு மணி நேரமா என்ன சொல்லிட்டிருந்தேனோ, அத இவரு ஒரு வார்த்தைல காட்டிட்டாரு."

ஆமென் என்றார்கள் பலர். மறுபடி கைதட்டல், முன்னைவிடப் பலமாக. வெர்லின் "இல்ல, நெசமாவே" என்றார். அதற்கும் ஆமென் சொன்னார்கள். ராய்ஸ் அவர் தோளில் கைவைத்து, "உன் மனசு புரியுது, ஆனா ஷெரிஃபக் கூப்புட்டுத்தான் ஆகணும்," என்றார்.

பாடகர் குழுவிலிருந்து ட்வைலா இறங்கி வந்தாள். நீல அங்கி தரையில் புரள நடுப்பாதையில் நடந்து வந்து, கணவனின் சட்டையை ஒரு பக்கமாகத் தூக்கிக் காலி உறையைச் சபைக்குக் காட்டினாள்.

"போன வாரம் இவன் மூக்குக் கண்ணாடிய ஃப்ரிட்ஜுல வெச்சான். அந்தப் பையன விடுங்க."

கைதட்டல் எதுவும் வரவில்லை. மூப்பர்கள் கையை எடுத்தார்கள். பாஸ்டர் ஒரு பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அந்தப் பையன் பெயர் ஆன்சல். எண்ணெய்க் குழாய் வேலைக்கு டெக்சஸ் போகிற வழியில் வண்டி பழுதாகி நின்றிருந்தான். ராய்ஸ் அவனிடம், "அந்தக் கோட்டு எதுக்குய்யா?" என்று கேட்டபோது குரலில் கெஞ்சல் இருந்தது.

"உங்க சபைல ஏசி ரொம்பக் குளுரும்னு பெட்ரோல் பங்க்ல சொன்னாங்க சார்."

அது உண்மைதான். யாரும் மறுக்கவில்லை.

ட்வைலா அவனைச் சாப்பிடக் கூட்டிப்போனாள். பொரித்த கோழி, வறுத்த வெண்டைக்காய், சோள ரொட்டி. அவன் தட்டைவிட்டு நிமிராமல் சாப்பிட்டான். வெர்லினுக்கு ஏதாவது பேசியாக வேண்டும்போல் இருந்தது.

"நான் கொஞ்சம் சீக்கிரம் சொல்லியிருக்கணும்."

"சொன்னீங்களே."

"கைதட்டுனாங்கல்ல, அதுல..."

"எனக்கு யாரும் தட்டுனதில்ல," என்றான் ஆன்சல். "தட்டியிருந்தா நானும் கொஞ்சம் பேசாம நின்னுருப்பேன்." பிறகு இன்னொரு கோழித் துண்டு எடுத்துக்கொண்டான்.

அடுத்த சபைக் கூட்டத்தில், வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டும், பிரதர் ஸ்டாடர்ட் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வைத்திருக்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. வெர்லினும் கை தூக்கினார்.

துப்பாக்கியைத் திருப்பி விற்கலாம் என்று டப்பிடம் எடுத்துப்போனார். டப் ஒரு விலை சொன்னான். பாதிக்கும் குறைவு.

"ஒரு பெட்டித் தோட்டா கூட முழுசாச் சுடலப்பா. புதுசு மாதிரி இருக்கு. நீதான வெலைக்கு நல்லதுன்ன?"

"இப்பவும் நல்லதுதான்," என்றான் டப். "நான் குடுக்கற வெலைக்கு."

வீட்டுக்குத் திரும்பி அதை மேசைமேல் வைத்தார். ட்வைலா பாத்திரம் துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். விரல்கள் எல்லாம் அடங்கின.

"நானே வெச்சுக்கறேன். ட்ரிக்கருக்கு மட்டும் டப் கிட்ட ஏதாவது செய்ய முடியுமான்னு கேளு."

"எதுக்கு உனக்கு?"

"சிஸ்டர்மாருங்க நாலு பேரு கத்துக்குடுன்னு கேட்டிருக்காங்க. சனிக்கிழம சுடுதளத்துக்குப் போறோம். ராய்ஸும் வரட்டுமான்னு கேட்டான். இடமில்லன்னுட்டேன்."