ஈசானி மூலைக்கு ஓடும் தண்ணி

ஷவரைத் திறந்தா தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம, எதிர்மூலையில குளம் கட்டி நிக்குது. டைல்ஸ் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. இன்னிக்குக் காலையில இடிச்சு என் கால் கட்டைவிரல்ல ரத்தம். பாகாலாவுல இருந்து வந்து டைல்ஸ் ஒட்டின மேஸ்திரி தேவேந்திரனைக் கூப்பிட்டு நிக்க வெச்சேன்.

“இன்னாய்யா வேலை இது? கண்ணை மூடிக்கினு ஒட்டினியா? ரசமட்டம் வெச்சுப் பாத்தியா, இல்லியா?”

“பாத்துதாம்மா ஒட்டிக்கினு இருந்தேன். சார்தான் பாதியில வந்து, வாஸ்துப்படி தண்ணி ஈசானி மூலைக்கு ஓடணும்னாரு. ஓட்டை இந்தப் பக்கம் இருக்குதே சார்னேன். சொன்னதைச் செய்யின்னாரு. அதான் பாதி அப்படி, பாதி இப்படி சாய்ஞ்சிக்கினு இருக்குது.”

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் போனை நோண்டிக்கினே, “அந்த மூலையில தண்ணி சேர்ந்தா வீட்டுல லட்சுமி தங்குவா, தெரியுமா?” என்றார்.

தினமும் அந்த ரூமைக் கழுவுறவ நான். என்னை ஒரு வார்த்தை கேக்கலை.

கதவுக்குப் பின்னால இருந்த வைப்பரை எடுத்து அவர் கையில திணிச்சேன்.

“மேஸ்திரி இதைப் பேத்து ஒட்டுற வரைக்கும், உங்க லட்சுமியை நீங்களே தள்ளிக்கினு போய் ஓட்டையில விடுங்க.”