அடுக்களை காணலும் ஒரு டப்பா பக்வீட்டும்

ஞாயிற்றுக்கிழமை பெண்வீட்டார் அடுக்களை காண வருகிறார்கள் என்ற செய்தி வந்த அன்றே இசபெல் தன் அடுக்களையைப் பகையாளியின் கண்கொண்டு பார்க்கத் தொடங்கினாள்.

கல்யாணம் உறுதியாகுமுன் பெண்வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, கூடத்தில் மரியாதைக்குச் சற்று உட்கார்ந்துவிட்டு, நேரே அடுக்களைக்குள் நுழைவார்கள். எந்த டப்பாவையும் திறக்கலாம், எந்தச் சட்டியையும் கவிழ்த்துப் பார்க்கலாம். வீட்டுக்காரி சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும் என்பது மட்டுமே அவளுக்கு விதிக்கப்பட்ட வேலை. இசபெலும் தன் காலத்தில் உறவுக்காரப் பெண்களுக்காகப் பல வீடுகளின் டப்பாக்களைத் திறந்தவள்தான். ஒரு வீட்டில் மல்லிப்பொடியை முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தாள். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. இப்போது முகரப்படும் முறை அவளுடையது.

மகன் லிஜின் கப்பலில் வேலை பார்த்தான். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பார்த்த பெண்களில் பாதிப்பேர் அவனை வேண்டாமென்றார்கள். மீதிப்பேரை அவன் வேண்டாமென்றான். நாகர்கோவிலில் கணக்கு டீச்சராக இருந்த அபினாவைப் பார்த்த பிறகுதான் அவன் நடுக்கடலிலிருந்து தானாகவே அம்மாவுக்கு போன் செய்யத் தொடங்கினான். “அம்மா, சுகமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், “அவங்க என்ன சொன்னாவ?” என்பான். இந்தச் சம்பந்தமும் நழுவினால் அவன் கரைக்கே வரமாட்டான் என்று இசபெல் அஞ்சினாள்.

அபினாவிடம் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்குக் கோதுமை ஆகாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் பசைச்சத்து கொஞ்சம் உள்ளே போனாலும் குடல் புண்ணாகி நாள்கணக்கில் படுத்துவிடுவாள். முன்பு வந்த ஒரு சம்பந்தம் இதனாலேயே முறிந்திருந்தது. ஆகவே, தாயில்லாத அவளை வளர்த்த அத்தை செலின், இம்முறை டப்பாக்களை இன்னும் கவனமாகத் திறப்பாள் என்பதில் ஐயமில்லை.

“சோறும் மீன்கறியும் வச்சா போராதா?” என்றாள் இசபெல்.

கணவர் ஆன்ட்ரூஸ் நெடுங்காலம் மஸ்கட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். உலகத்தில் தாம் அறியாத பொருள் ஒன்று இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

“சோறு எவனும் வைப்பான். அந்தப் பிள்ளைக்குண்ணு தனியா நீ என்ன வச்சாண்ணு செலின் கேட்டா என்ன சொல்லுவ?” என்றவர், மூன்றாம் நாளே கூரியரில் வந்த ஒரு டப்பாவை மேசைமேல் வைத்தார். உள்ளே இளம்பச்சையும் பழுப்பும் கலந்த முக்கோண மணிகள்.

“ஏட்டி, இதாக்கும் பக்வீட். பேருலதான் வீட் உண்டு, உள்ள ஒரு பொட்டு கோதுமை கெடையாது. தானியம் கூட இல்ல, ஒரு செடியோட விதை. புரதம் உண்டு, நார் உண்டு, இரும்பு உண்டு.”

“உப்பு உண்டா?”

“அத நீதான் போடணும்.”

நாஞ்சில் நாட்டில் ஒரு மணியைச் சோறாக்க ஒரு வழிதான் உண்டு. ஊறவைத்து, பானை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வெந்ததும் தட்டைப் பிடித்துக் கஞ்சியை வடிக்க வேண்டும். சம்பா அரிசிக்குச் செய்வதை இசபெல் பக்வீட்டுக்கும் செய்தாள். இரவெல்லாம் ஊறியதில் அது வழவழத்துப் போயிருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெடுநேரம் கொதிக்கவிட்டுப் பானையைச் சரித்தபோது தட்டின் வழியே கஞ்சி இறங்கவில்லை. ஒன்றுமே இறங்கவில்லை. பிறகு எல்லாமே இறங்கியது.

ஆன்ட்ரூஸ் கழுவுதொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “இத வச்சு வள்ளத்துல ஓட்டை அடைக்கலாம்.”

“இஞ்ச பாருங்க, மஸ்கட்டுல இத எப்பிடித் திண்ணிய?”

“நான் எங்க திண்ணேன்? கடையில பாத்திருக்கேன்.”

அவள் அதைக் கோழிக்கு வைத்தாள். கோழி ஒருமுறை கொத்திவிட்டு, அலகைத் தரையில் இருபுறமும் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

டப்பாவில் இன்னும் பக்வீட் மிச்சமிருந்தது. ஆன்ட்ரூஸ் இம்முறை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு டப்பாவின் பின்புறத்தை வாசித்தார். ஊறவைக்கக் கூடாது. வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். ஒரு பங்குக்கு இரு பங்கு தண்ணீர் விட்டு, மூடி, சிறுதீயில் வேகவிட வேண்டும். வடிக்க வேண்டியதில்லை.

“வடிக்காம சோறா?” இசபெல் திகைத்தாள். கைவைத்த சமையலில் இதுவரை யாரும் அவளுக்கு இப்படியொரு யோசனை சொன்னதில்லை. என்றாலும், மகனை நினைத்துக்கொண்டு வறுத்தாள். அடுக்களையில் வறுத்த கொட்டையின் மணம் எழுந்தது. மூடியைத் திறந்தபோது மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாகக் கிடந்தன. தேங்காயும் சின்ன உள்ளியும் கூனியும் போட்டு வதக்கி, துவரன் என்னும் பொரியல் செய்து, அதில் இதைப் புரட்டினாள். உலர்ந்த இறால்குஞ்சான கூனியின் உப்பும் மணமும் மணிகளில் ஏறிக்கொண்டன. ஆன்ட்ரூஸ் இரண்டு தட்டுத் தின்றுவிட்டு, “ஓட்டை அடைக்கிறதுக்கு இது ஆகாது” என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய உச்சமான புகழ்ச்சி அது.

சனிக்கிழமை அவர் இன்னொரு வேலையில் இறங்கினார். வீட்டில் கோதுமையின் சுவடே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட் எல்லாம் சாக்கில் ஏறின. பெருங்காய டப்பாவையும் வாசித்தார். அதிலும் கோதுமை மாவு கலந்திருந்தது. அதுவும் ஏறியது. சாக்கை அடுத்த வீட்டுப் பிரீனாவிடம் ஒப்படைத்தார்கள்.

“அவங்க போறது வரைக்கும் வச்சுக்கோ மக்கா” என்றாள் இசபெல். எதற்கென்று சொல்லவில்லை. சொன்னால் சாயங்காலத்துக்குள் கோயில் வாசல்வரை போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை இரணியல் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வந்து நின்றது. செலின் இறங்கினாள். பின்னால் அபினாவும் இறங்கியதைக் கண்டு இசபெல் திடுக்கிட்டாள். அடுக்களை காணப் பெண் வருவது முறையில்லை.

“நானும் சொல்லிப் பாத்தேன் மைனி” என்றாள் செலின், இசபெலை அண்ணி முறை வைத்து. “எனக்க வயிறு, நானே பாக்கேன்ணு சொல்லுகா.”

செலின் நிதானமாகத் திறந்தாள். அரிசி, பயறு, மிளகுப்பொடி, மஞ்சள், புளி. மீன்சட்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். கடைசித் தட்டிலிருந்த டப்பாவையும் மூடிவிட்டு, “மைனி, இந்த வீட்டுல ஆரும் சப்பாத்தி திங்கமாட்டியளா?” என்றாள்.

“எங்களுக்கு அதுல ஆசையே கெடையாது” என்றார் ஆன்ட்ரூஸ். நாள்தோறும் இரவு சப்பாத்தி இல்லாமல் படுக்கப் போகாதவர் அவர்.

செலின் அவருடைய வயிற்றை ஒருமுறை பார்த்தாள்.

பக்வீட் பரிமாறப்பட்டது. செலின் ஒரு பிடி வாயில் போட்டு, மெல்லுவதை நிறுத்தி, மறுபடியும் மென்றாள். “அரிசியும் இல்ல, பயறும் இல்ல. ஆனா கொள்ளாம், நல்லாருக்கு.” அபினாவோ தட்டைத் துடைத்துத் தின்றுவிட்டு, “மாமி, இன்னும் இருக்கா?” என்றாள். இசபெலின் தோள்கள் ஒரு வாரத்துக்குப் பின் கீழே இறங்கின.

அப்போதுதான் பிரீனா வந்தாள். அண்டை வீட்டில் சம்பந்தப் பேச்சு நடக்கும்போது பலகாரத் தட்டு கொடுத்தனுப்பாமலிருப்பது அந்தக் கடற்கரையில் மானக்கேடு. அவள் கையில் முந்திரிக்கொத்து குவிந்திருந்தது. சிறுபயறும் கருப்பட்டியும் உருட்டி, அரிசிமாவில் முக்கிப் பொரித்த பண்டம். அபினா அச்சமின்றித் தின்னக்கூடிய சில பலகாரங்களில் ஒன்று. அவள் முகம் மலர்ந்தது, ஒன்றை எடுத்தாள்.

பிரீனா இசபெலின் காதோடு பெருமையாகச் சொன்னாள். “அக்கா, உங்க மைதா சும்மாத்தானே கெடந்து. அரிசிமாவுக்குப் பதிலா அதுல முக்கினேன். பாத்தியளா, என்ன மினுக்கம்!”

முந்திரிக்கொத்து அபினாவின் உதட்டைத் தொட்டிருந்தது. இசபெல் கூடத்தைக் கடந்தது அவளுக்கே நினைவில்லை. விருந்தாளியின் வாயருகிலிருந்து பண்டத்தைப் பிடுங்கிவிட்டாள்.

 விருந்தாளி கையிலிருந்து தீனியைப் பறித்த வீடென்று ஒரு வீட்டைப் பற்றி அந்த ஊரில் இதுவரை பேச்சிருந்ததில்லை.

ஆன்ட்ரூஸ் முந்திக்கொண்டார். “அதுல ஒரு ஈ இருந்து.”

செலினின் முகம் தளர்ந்தது. “ஈதானே! வேற ஒண்ணு எடு மக்கா.”

அபினா வேறொன்றை எடுத்தாள். இசபெல் அதையும் பிடுங்கினாள். பிறகு, இனி எண்ணிக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்று முழுத் தட்டையும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“எல்லாத்துலயும் ஈயா?” என்றாள் செலின்.

கணவர் கண்ணால் கெஞ்சினார். ஆமாமென்று சொன்னால் சம்பந்தம் தப்பிப் பிழைக்கலாம். ஆனால் பிரீனாவின் வீட்டில் இன்னும் எத்தனை தட்டு இருக்கிறதோ, அவை எப்போது வருமோ, யாருக்குத் தெரியும்?

“ஈ இல்ல மைனி. மைதா. எனக்க மைதாதான். நீங்க வாறியண்ணு எல்லாத்தையும் சாக்குல கெட்டி இவ வீட்டுல ஒளிச்சு வச்சோம். சப்பாத்தியும் இவரு திம்பாரு. தெனமும் திம்பாரு.”

“தெனமும் இல்ல” என்றார் ஆன்ட்ரூஸ், பலவீனமாக.

செலின் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். இசபெலுக்கு நடுக்கடலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மகன் கண்ணில் தெரிந்தான். செலின் வாசலுக்குப் போனாள். ஆனால் ஆட்டோவைக் கூப்பிடவில்லை.

“ஏட்டி, உனக்க வீடு எது?” என்றாள் பிரீனாவிடம். “அடுக்களையில பாதி அங்கல்லா கெடக்கு. அதையும் காணண்டாமா?”

எல்லாரும் பிரீனாவின் வீட்டுக்குப் போனார்கள். சாக்கு அவிழ்க்கப்பட்டது. செலின் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துப் பார்த்து, பெருங்காய டப்பாவில் வந்து நின்றாள்.

“இத எதுக்கு ஒளிச்சிய?”

“அதுலயும் கோதுமைமாவு உண்டு” என்றார் ஆன்ட்ரூஸ். “வாசிச்சேன்.”

செலின் டப்பாவைத் திருப்பி, கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துப் படித்தாள். பிறகு அபினாவிடம் நீட்டினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அம்மாடி, இத்தன வருசமா நம்ம ரசத்துல இதத்தானே போட்டோம்” என்றாள் அபினா. “ரசம் குடிச்சாலே வயிறு ஏன் கெடுதுண்ணு இப்பம்லா தெரியுது.”

செலின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.  “முன்ன ஒரு வீட்டுக்குப் போனோம் மைனி. அவங்க ஒண்ணும் ஒளிக்கல்ல. கேக்கு மேசையில வச்சு, ஒரு துண்டு திண்ணா ஒண்ணும் ஆவாதுண்ணு இவ வாயில ஊட்ட வந்தாவ. நீங்க பிடுங்குதிய.” அவள் இசபெலின் அணைப்பிலிருந்த தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். “எனக்கு ஆகும்.”

சாக்கு திரும்ப வீட்டுக்கு வந்தது. அபினாவுக்காக யாரும் சப்பாத்தியை விடவேண்டாம் என்றும், அவளுக்கென்று தனிச்சட்டியும் தனி அகப்பையும் இருந்தால் போதும் என்றும் செலின் தீர்ப்பளித்தாள். ஆன்ட்ரூஸ் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார்.

“மாமி, பக்வீட் நல்லாத்தான் இருந்து” என்றாள் அபினா. “ஆனா எனக்குச் சோறும் மீனும் போதும். அதுல கோதுமை இல்லையே.”

இசபெல் கணவரைப் பார்த்தாள். கணவர் கூரையைப் பார்த்தார்.

“சட்டி நாங்க வாங்கித் தருவோம்” என்றாள் செலின். “அவ பேரு வெட்டி.”

“அதெப்பிடி? எங்க அடுக்களைக்குச் சட்டி நாங்கல்லா வாங்கணும்.”

“பாத்திரம் பெண்வீட்டுக்காரங்க தாறதுதான் முறை.”

“முறையப் பத்தி நீங்க பேசாதிய மைனி. பொண்ணையே கூட்டிட்டு வந்திருக்கிய.”

குரல்கள் உயர்ந்தன. பிரீனா தன் வீட்டுச் சன்னலில் வந்து நின்றாள். ஆன்ட்ரூஸ் முற்றத்துக்கு இறங்கிக் கப்பலுக்கு போன் போட்டார்.

“ஏலே, என்ன சத்தம்ணா கேக்க?” என்றார். “உனக்க அம்மயும் அவ அத்தையும் சண்டை போடுகாவ. ஒண்ணும் இல்ல மக்கா. கல்யாணம் உறுதியாயிட்டு.”